அத்தியாயம் 5: பத்தாம் நாளில் தெரிவதும் மூன்றாம் மாதத்தில் தெரிவதும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய் கண்டிகையிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் புது ஆட்கள் சேரும் நாட்களில் ஒரே லைனில் பல வகை மனிதர்கள் நிற்பார்கள். பொன்னேரியிலிருந்து எலக்ட்ரிக் டிரெயினில் வரும் ஐடிஐ பையன், கவரைப்பேட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் டிப்ளமோக்காரர், தடா பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் தெலுங்கு பேசும் பெண், ஒடிசாவிலிருந்து காண்ட்ராக்டர் அழைத்துவந்த இளைஞர். எல்லோருக்கும் ஒரே பயிற்சியாளர், ஒரே விளக்கம். பத்து நாளைக்குள் ஒருவர் ‘கெட்டி’ என்றும் இன்னொருவர் ‘மண்டையில் ஏறாது’ என்றும் பெயர் வாங்கிவிடுகிறார்கள். அதன் பிறகு மெஷின் முதலாமவருக்குக் கிடைக்கிறது. இரண்டாமவர் பேக்கிங்கிலோ டிராலி தள்ளுவதிலோ ஒதுங்கிப்போகிறார். மூன்று மாதம் கழித்து கன்ஃபர்மேஷன் படிவம் வரும்போது அந்தப் பத்து நாள் பெயர்தான் அதில் ஏறுகிறது.

கற்றுக்கொள்வதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. அதை மறைத்துப் பேசினால் யாருக்கும் உதவாது. ஆனால் பத்தாம் நாளில் தெரியும் வித்தியாசத்துக்கும் மூன்றாம் மாதத்தில் தெரியும் வித்தியாசத்துக்கும் காரணமான திறன்கள் வேறு வேறு. லைனில் பயிற்சி கொடுக்கும் ஒவ்வொரு சூப்பர்வைசருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாததால் நல்ல கை உள்ள பலர் டிராலியோடு நின்றுவிடுகிறார்கள்.

மூன்று கட்டங்கள்

புது வேலை பழகுவதை மூன்று கட்டங்களாகப் பிரித்துக் காட்டியவர்கள் அமெரிக்க உளவியலாளர்கள் பால் ஃபிட்ஸும் மைக்கேல் போஸ்னரும். அவர்களுடைய நூல் 1967ல் வந்தது. முதல் கட்டத்தில் வேலை முழுக்கத் தலைக்குள் நடக்கிறது: அடுத்து என்ன, ஏன், எந்தப் பட்டன். இரண்டாம் கட்டத்தில் படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, தவறுகள் குறைகின்றன. மூன்றாம் கட்டத்தில் கை தானாக ஓடுகிறது, பேசிக்கொண்டே செய்ய முடிகிறது.

இதோடு ஆட்களின் திறன்களைச் சேர்த்துப் பார்த்தவர் ஃபிலிப் அக்கர்மேன். 1988ல் வெளியான அவருடைய ஆய்வின் சாரம் இது: முதல் கட்டத்தில் யார் முந்துவார் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது பொதுவான சிந்தனைத் திறன். காரணம் புரிந்துகொள்வது, சொன்னதை நினைவில் நிறுத்துவது, எண்களைக் கையாள்வது எல்லாம் அதில் அடக்கம். இரண்டாம் கட்டத்தில் எடை கூடுவது பார்வை வேகத்துக்கு, அதாவது கண்ணில் பட்டதைச் சட்டென்று பிரித்தறியும் வேகத்துக்கு. மூன்றாம் கட்டத்தில் கையும் கண்ணும் இணைந்து ஓடும் திறமை. இந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் இன்னும் இருக்கிறது. முதல் கட்டத்தைப் பற்றி அவ்வளவு சந்தேகம் இல்லை. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் வேலையில், நாள் போகப்போக சிந்தனைத் திறனின் பிடி தளர்ந்துகொண்டே வருகிறது.

அப்படியானால் பத்தாம் நாள் கெட்டிக்காரர், விளக்கத்தை வேகமாகப் பிடித்தவர். அவ்வளவுதான் தெரியும். நூறாம் நாளில் யார் ரிஜெக்ஷன் இல்லாமல் ஓட்டுவார் என்பது இன்னும் தெரியாது.

தலைக்குள் இடம் போதாமல் போவது

சி.என்.சி. லேத்தில் ஆஃப்செட் மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். ஜாப்பின் வெளிவிட்டம் 0.04 மி.மீ. கூடுதலாக வந்திருக்கிறது. புதியவர் மைக்ரோமீட்டரில் படித்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, டிராயிங்கில் உள்ள அளவைத் தேடி, இரண்டையும் கழித்து, அந்த விட்டத்தை வெட்டிய டூல் எது என்று யோசித்து, ஆஃப்செட் பக்கத்தைத் திறந்து, அந்த டூலின் வரிசைக்குப் போய், கூட்டுவதா கழிப்பதா என்று முடிவு செய்து எண்ணைப் போட வேண்டும். இதற்கு நடுவில் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் முதல் எண் போயே போச்சு. பத்து வருட ஆபரேட்டருக்கு இது முழுக்க ஒரே விஷயம்: “நாப்பது மைக்ரான் ஏறியிருக்கு, ரெண்டாம் நம்பர் டூல், மைனஸ்.”

மனிதர் ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்கக்கூடியது ஏழு சொச்சம் என்று ஜார்ஜ் மில்லர் 1956ல் எழுதினார். நெல்சன் கோவன் 2001ல் அதைச் சுமார் நான்காகக் குறைத்தார். ஆளுக்கு ஆள் இதில் ஏற்றத்தாழ்வு உண்டு. புதியவருக்கு ஏழு தனித்தனி விஷயமாக இருக்கும் வேலையில், ஐந்தைப் பிடிக்கக்கூடியவர் தட்டுத்தடுமாறிச் செய்துவிடுவார். மூன்றைப் பிடிக்கக்கூடியவர் நடுவில் நின்றுவிடுவார். வேலையை மூன்றாகக் குறைத்துக் கொடுத்தால் இருவரும் செய்வார்கள். வித்தியாசம் ஆட்களிடம் இருப்பது போலவே நாம் வேலையை அடுக்கிக் கொடுக்கும் விதத்திலும் இருக்கிறது. நம் கையில் இருப்பது இரண்டாவது.

எனவே முதல் வாரத்தில் ஆஃப்செட்டை முழுதாகச் சொல்லித் தராதீர்கள். முதலில் அளந்து எழுதுவது மட்டும். எண்ணை மனதில் வைக்கச் சொல்லாமல் ஒரு அட்டையில் எழுதவைக்க வேண்டும். அது கை பழகிய பிறகு டிராயிங் அளவோடு கழிப்பது. அதன் பிறகுதான் ஸ்க்ரீன். வெளிவிட்டம் கூடினால் மைனஸ், குறைந்தால் பிளஸ், போர் (உள்விட்டம்) கூடினால் மைனஸ், குறைந்தால் பிளஸ் என்று நான்கு விதிகளாகச் சொல்லும் பழக்கம் நம் பக்கத்தில் நிறைய. வழக்கமான டர்னிங் லேத்தில் நான்கும் ஒரே விதிதான்: விட்டம் பெரிதாக வேண்டுமானால் பிளஸ், சிறிதாக வேண்டுமானால் மைனஸ். உங்கள் மெஷினில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு இந்த ஒற்றை விதியையே சொல்லுங்கள். நான்கை ஒன்றாக்கிக் கொடுத்தால் மூன்று இடம் மிச்சமாகிறது. பின்தங்குபவருக்கு அந்த மூன்று இடம் பெரிய உதவி.

ஜான் ஸ்வெல்லர் 1980களிலிருந்து செய்த ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. புதியவருக்குக் கேள்வியைக் கொடுத்து ‘நீயே கண்டுபிடி’ என்று விடுவதைவிட, செய்து முடித்த ஒன்றைப் படிப்படியாகப் பார்க்கவைப்பது நல்ல பலன் தருகிறது. ஆனால் ஓரளவு பழகியவருக்கு அதே படிப்படி விளக்கம் இடைஞ்சலாகிவிடுகிறது. டிப்ளமோக்காரர் சலித்துக்கொள்கிறார் என்றால் திமிர் என்று எண்ண வேண்டாம். அவருக்குக் கட்டம் மாறிவிட்டது. அடுத்த வேலையைக் கொடுங்கள்.

மொழியும் இதே இடத்தைத்தான் தின்கிறது. ஒடியா பேசுபவர் உங்கள் தமிழை அரைகுறை இந்தி வழியாகப் புரிந்துகொள்ளும்போது, அந்த மொழிபெயர்ப்புக்கே பாதி மனம் போய்விடுகிறது. மிச்சமுள்ள பாதியில் அவர் வேலையைக் கற்கிறார். அவரைத் தமிழ்ப் பையனோடு ஒப்பிட்டு மெதுவானவர் என்பது நியாயமில்லை. சரியான ஜாப், தவறான ஜாப் இரண்டின் போட்டோவை மெஷின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அதே மொழி பேசும், ஆறு மாதம் பழைய ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

இங்கே பாதுகாப்பைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் கட்டத்தில் இருப்பவரின் கவனம் முழுவதும் வேலையில் தீர்ந்துவிடுகிறது. தலைக்கு மேல் கிரேன் நகரும் சைரன் காதில் விழுந்தாலும் மனதில் பதியாது. கும்மிடிப்பூண்டியில் ஃபர்னஸும் ரோலிங் மில்லும் நிறைய. அங்கே புதியவரைக் கிரேன் பாதையிலும் ஃபோர்க்லிஃப்ட் பாதையிலும் நிறுத்தி வேலை பழக்குவது கூடாது. அந்த இடத்தில்தான் பழக வேண்டும் என்றால், பக்கத்தில் வேறு வேலை இல்லாத ஒருவர் அவருக்காகக் காது கொடுத்து நிற்க வேண்டும். ‘கவனமா இரு’ என்று சொல்லிவிட்டுப் போவதால் கவனம் கூடிவிடாது.

எங்கே தடுக்கிறது என்று பார்ப்பது

ஒருவர் மெதுவாக இருக்கிறார் என்று பட்டால், முதலில் கண்ணைச் சோதியுங்கள். 0.02 மி.மீ. வரை படிக்கும் வெர்னியரின் கோடுகள் தெரியாமல் குத்துமதிப்பாகச் சொல்பவர்கள் எல்லா லைனிலும் இருக்கிறார்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டப் பார்வை மங்குவது இயல்பு. இருபது வயதுப் பையனுக்கும் கண்ணாடி தேவைப்படலாம். அவனுக்கே அது தெரிந்திருக்காது. ஒரு கண்ணாடியால் தீரும் விஷயத்துக்கு ஒருவரை மந்தம் என்று எழுதுவது பெரிய அநியாயம்.

கண் சரியென்றால் படிகளை எழுதிய ஒரு கார்டைக் கையில் கொடுத்து வேலை செய்யச் சொல்லுங்கள். கார்டு இருக்கும்போது தவறு மறைந்துபோனால், சிக்கல் நினைவுச் சுமையில் இருக்கிறது. சில வாரங்களில் கார்டு தானாகவே தேவையற்றுப் போகும்; இவரைப் பற்றிக் கவலை வேண்டாம். கார்டு இருந்தும், படிகள் சரியாக இருந்தும், பர்ரையோ கீறலையோ கண்டுபிடிக்க நேரமானால் பார்வை வேகம் இன்னும் ஏறவில்லை. நல்லதும் கெட்டதும் கலந்த நிறைய ஜாப்களை வரிசையாகக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். விளக்கத்தால் ஏறாதது இங்கே எண்ணிக்கையால் ஏறும். எல்லாம் தெரிந்தும் கை மட்டும் ஒத்துழைக்கவில்லை என்றால் அது வெல்டிங் போன்ற வேலைகளில் சாதாரணம். ஆர்க் நீளத்தை ஒரே அளவில் பிடிப்பது யாருக்கும் சொல்லிப் புரியவைக்கக்கூடியதல்ல. வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவர் வெல்டிங் பூத்தில் முதலாவதாக வருவது இதனால்தான். அவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல் ராடு கொடுங்கள்.

எல்லாம் புரிந்தது போலத் தலையாட்டிவிட்டுத் தவறு செய்பவர் தனி. “புரிஞ்சுதா தம்பி?” என்று கேட்டால் “புரிஞ்சுதுண்ணே” என்றுதான் பதில் வரும். வேறு பதில் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. “இப்ப நீ எனக்குச் சொல்லிக் கொடு” என்று கேளுங்கள். எந்தப் படியில் திக்குகிறாரோ அதை மட்டும் திரும்பக் காட்டினால் போதும்.

பிடி தளராத வேலைகள்

திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் வேலையில் சிந்தனைத் திறனின் பங்கு குறைகிறது என்றேன். எல்லா வேலையும் அப்படியில்லை. மெயின்டனன்ஸ், பிரேக்டவுன், டூல் ரூம், புது ஜாப் செட்டிங் போன்றவற்றில் நேற்று வந்த பிரச்சினை இன்று வராது. அங்கே வேலை முழுதாகத் தானாக ஓடும் கட்டத்துக்குப் போவதே இல்லை. யோசிப்பவரின் முன்னிலை வருடங்கள் போனாலும் நீடிக்கும். அக்கர்மேனின் ஆய்விலும் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. ஆகவே தேர்வில் வைக்கும் கணக்கு, காரண அறிவுக் கேள்விகளை மெயின்டனன்ஸ் ஆளுக்கு வைப்பதில் அர்த்தம் உண்டு. பிரஸ்ஸில் ஒரே பாகத்தைப் போட்டு எடுக்கும் வேலைக்கும் அதே வினாத்தாளை வைத்து ஆளைக் கழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மெயின்டனன்ஸிலும் ஒரு பெரிய ஆறுதல் உண்டு. சேர்ந்த அறிவு, யோசிக்கும் வேகத்தின் குறையைப் பெரிதும் நிரப்பும். ‘ஹைட்ராலிக் பிரஷர் இறங்குது’ என்றால் எதை முதலில் பார்ப்பது என்று ஏற்கெனவே முப்பது தடவை பார்த்தவருக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பிரேக்டவுனுக்கும் அறிகுறி, முதலில் சந்தேகப்பட்டது, கடைசியில் கிடைத்த காரணம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். தமிழில் எழுதட்டும். இரண்டு வருடத்தில் அந்த நோட்டு ஒரு பயிற்சிப் புத்தகமாகிவிடும்.

வயதானவர்களைப் பற்றிய பயமும் இதே விளக்கத்தால் குறையும். டிமோதி சால்ட்ஹவுஸ் 1984ல் தட்டச்சர்களைச் சோதித்தார். வயதானவர்களின் விரல் வேகம் தனியாக அளந்தால் குறைந்திருந்தது. தட்டச்சு வேகம் குறையவில்லை. எழுத்துக்களை முன்கூட்டியே அதிக தூரம் பார்த்துவைத்து அவர்கள் ஈடுகட்டினார்கள். திருவள்ளூர் பக்கத்து ஆலைகளில் வேலை மாறிக்கொண்டே இருக்கிறது. 1998ல் மிட்சுபிஷி லான்சர் செய்த வளாகத்தில் இன்று சிட்ரன் கார்கள் அசெம்பிள் ஆகின்றன. மேனுவல் லேத்தில் இருபது வருடம் நின்றவரை சி.என்.சி.க்கு மாற்றும்போது ஸ்க்ரீன் அவரை முதல் வாரம் திணறவைக்கும். ஆனால் டூல் தேய்ந்த சத்தமும் சிப்பின் நிறமும் அவருக்குத் தெரியும். அந்த அறிவிலிருந்து தொடங்குங்கள்: “அண்ணே, நீங்க கையால கொடுத்த ஃபீடுதான் இங்க இந்த எண்.”

ஒரு நாளில் எவ்வளவு

பிரிட்டிஷ் தபால்துறை ஊழியர்களுக்குத் தபால் குறியீடு தட்டும் பயிற்சியை ஆலன் பேடலியும் லாங்மனும் நான்கு விதமாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள் (1978). தினம் ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள் மொத்தத்தில் குறைந்த மணி நேரத்தில் கற்றார்கள். ஆனால் நாட்கணக்கில் பார்க்கும்போது மற்றவர்களைவிடப் பின்தங்குவதாக அவர்களுக்குத் தோன்றியது. அதிருப்தி அவர்களிடம்தான் அதிகம். சூப்பர்வைசருக்கும் அப்படித்தான் தோன்றும். எட்டு மணி நேரமும் ஒரே பயிற்சி என்று வைக்காமல், காலையில் ஒன்றும் டீக்குப் பிறகு வேறொன்றும் கொடுங்கள். ஒரே ஜாப்பை நாள் முழுக்கச் செய்யவைத்தால் அன்று மாலை அழகாக வரும், திங்கட்கிழமை மறந்திருக்கும். அடிப்படை பிடிபட்ட பிறகு இரண்டு மூன்று ஜாப்களைக் கலந்து கொடுத்தால் அன்று தடுமாறுவார், அடுத்த வாரம் நிற்பார். ஷேயும் மார்கனும் 1979ல் கை அசைவுப் பயிற்சியில் கண்டது இதுவே.

தூக்கமும் பணமும்

இது பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத தலைப்பாகப் படலாம். ஆனால் நமக்கு மிக அருகில் நடந்த இரண்டு ஆய்வுகள் இதைத்தான் பேசுகின்றன.

கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக் உள்ளிட்டோர் சென்னையில் 452 பேரைத் தரவு உள்ளீட்டு வேலையில் அமர்த்தி ஆராய்ந்தார்கள். முடிவு 2021ல் வெளிவந்தது. படுக்கையில் எட்டு மணி நேரம் கிடந்தாலும் இவர்கள் உண்மையில் தூங்கியது சுமார் ஐந்தரை மணி நேரம்தான். சூடு, சத்தம், கொசு எல்லாம் எழுப்பிவிடுகின்றன. இரவுத் தூக்கத்தை அரை மணி நேரம் போலக் கூட்டியதால் வேலையில் மாற்றம் தெரியவில்லை. மதியம் வேலையிடத்திலேயே அரை மணி நேரக் குட்டித் தூக்கம் கொடுத்ததும் கவனமும் வேலை வேகமும் கூடின. ஒரு ரூமில் ஆறு பேர், மூன்று ஷிப்ட் என்று தங்கும் நம் ஆட்களின் தூக்கம் இதைவிட நன்றாக இருக்க வழியில்லை. நைட் ஷிப்ட் முடிந்தவரை நிறுத்திவைத்து ‘ஒரு மணி நேரம் டிரெய்னிங்’ நடத்துவது இரு தரப்புக்கும் நஷ்டம்.

இரண்டாவது, ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலியோர் 2013ல் வெளியிட்டது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். அதே விவசாயி, கையில் பணமில்லாத அறுவடைக்கு முந்தைய மாதங்களில் காரண அறிவுச் சோதனையில் குறைவாக வாங்கினார். பணம் வந்த பிறகு கூடுதலாக வாங்கினார். விமர்சனங்களும் இந்த ஆய்வுக்கு வந்தன. ஆனால் ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் நடந்த பிந்தைய ஆய்விலும், கூலியின் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்தபோது தட்டுகளின் எண்ணிக்கை கூடி, கவனக்குறைவால் வரும் தவறுகள் குறைந்தன.

புதிதாகச் சேர்ந்தவரின் முதல் மாதத்தை நினைத்துப் பாருங்கள். ரூம் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, மெஸ் கணக்கு ஓடுகிறது, ஊரில் வட்டிக் கடன். சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்கு மேல். முதல் கட்டத்தில் மனதில் இடம் அதிகம் தேவைப்படும் அதே நாட்களில்தான் இந்தக் கவலையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. முதல் வாரக் கடைசியிலேயே ஒரு சிறு தொகையை முன்பணமாகக் கொடுக்க ஹெச்.ஆரிடம் பேசுங்கள். கேண்டீன் சாப்பாட்டுக்கு முதல் மாதம் பிடித்தம் வேண்டாம் என்று கேளுங்கள். பயிற்சிச் செலவில் இதைவிட மலிவான முதலீடு எனக்குத் தெரியவில்லை.

படிவத்தில் என்ன எழுதுவது

கற்றலின் வேகம் ஆரம்பத்தில் பாய்ந்து பிறகு மெல்ல ஏறும். மெல்ல ஏறினாலும் நிற்பதில்லை. இங்கிலாந்தில் கிராஸ்மன் 1959ல் சுருட்டு எந்திரத்தில் வேலை செய்தவர்களைப் பார்த்தபோது, இரண்டு வருடம் வரை அவர்களுடைய வேகம் கூடிக்கொண்டே போயிருந்தது. கடைசியில் நிறுத்தியது எந்திரத்தின் வேகம்தான். ஆகவே ஒரே நாளின் எண் எதையும் சொல்லாது. ஒவ்வொரு டிரெய்னிக்கும் வாரம் ஒருமுறை, அதே ஜாப்பில், அதே மெஷினில், எண்ணிக்கை, ரிஜெக்ஷன், சூப்பர்வைசரைக் கூப்பிட்ட தடவை மூன்றையும் குறித்து வாருங்கள். ‘கெட்டி’, ‘மந்தம்’ என்ற சொற்களை அந்தத் தாளில் யாரும் எழுதக் கூடாது.

பன்னிரண்டு வாரக் கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உயரத்தில் தொடங்கி நாலாவது வாரத்திலேயே தட்டையாகிவிட்ட ஒருவரும், கீழே தொடங்கி இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் ஒருவரும் கண்ணில் படுவார்கள். முதலாமவருக்கு வேலை போதவில்லை என்று பொருள். செட்டிங்கிலோ மெயின்டனன்ஸிலோ போட்டுப் பாருங்கள். இரண்டாமவரின் படிவத்தில் ‘திருப்தியில்லை’ என்று எழுதுவதற்கு முன் கடைசி நான்கு வாரத்தின் எண்களை அதில் ஒட்டி, பயிற்சிக் காலத்தை ஒரு மாதம் நீட்டக் கேளுங்கள். நீட்டிய மாதத்தில் அவரை வேறு லைனுக்கு மாற்ற வேண்டாம். மாற்றினால் அவர் மறுபடி முதல் கட்டத்துக்கே போய்விடுவார், நீங்கள் அளந்ததும் வீணாகிவிடும்.